செம்பில் மிஞ்சிய எண்ணெய்

எழுதிப் பழக்கமில்லாத கை இது. பிரெஞ்சுக்காரன் இருந்த காலத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாவது வரை படித்தவள் நான். எங்கே ஒற்று வரும், எங்கே வராது என்று இன்றைக்கும் தெரியாது. போதாததற்கு மறதி. அடுப்பில் பாலை வைத்துவிட்டு வாசலுக்கு வந்தால் பாலும் போகும், வந்த காரியமும் போகும். முன்னுக்குப் பின் எழுதியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நாலு பேர் முன்னால் பேச எனக்கு வராது, அதனால்தான் எழுதுகிறேன். எவ்வளவு மறதி இருந்தாலும் ஒரே ஒரு ஆளைப் பற்றி மட்டும் எதுவும் மறக்கவில்லை. அவர் என் மச்சாண்டார், என் வீட்டுக்காரரின் உடன்பிறந்த அண்ணன்.

எங்களுக்குச் சுரக்குடி. திருநள்ளாறு பக்கம்தான். அண்ணன் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவில் ஒரு வேலி, வேலியில் ஆள் நுழைகிற அளவு சந்து. நிலம் பாகம் பிரிந்திருந்தாலும் பேச்சு பாகம் பிரியவில்லை. நாற்று எப்போது விடுவது, மாட்டை விற்பதா வைத்துக்கொள்வதா, எங்கள் இரண்டு பெண்களை எந்தப் பள்ளிக்கூடத்தில் சேர்ப்பது, எல்லாம் மச்சாண்டார் வாயிலிருந்துதான் வரவேண்டும். தம்பி பெண்டாட்டி மச்சாண்டார் எதிரில் உட்காரக் கூடாது, முகம் பார்த்துப் பேசக் கூடாது என்பது எங்கள் வீட்டு வழக்கம். ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் அவர் மனைவியிடம், அதாவது என் ஓர்ப்படியிடம், சொல்வேன். அவர் பக்கத்திலேயே இருந்தாலும் அப்படித்தான்.

"அக்கா, இன்னுங் கொஞ்சம் குழம்பு ஊத்தவான்னு கேளுங்க."

"ஊத்தச் சொல்லு" என்று அவர் சுவரைப் பார்த்துச் சொல்வார்.

கலியாணமாகிப் பல வருஷம் இப்படியே போயிற்று. கூச்ச சுபாவக்காரியான எனக்கு அது வசதியாகக்கூட இருந்தது.

எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு மாசி மாதம், சம்பா அறுத்துக் களம் பெருக்கிய சமயத்தில் என் வீட்டுக்காரருக்குக் கண் மஞ்சளாயிற்று. காமாலை என்று கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தோம். உப்பில்லாமல் புளியில்லாமல் பத்தியம் இருந்தார். மஞ்சள் இறங்கவில்லை. உடம்பெல்லாம் அரிப்பு. அதோடு ஒரு வலி, வயிற்றில் தொடங்கி முதுகைத் துளைத்துக்கொண்டு போகிற வலி. மல்லாக்கப் படுக்க முடியாது. கூடத்தில் இருந்த நெல் மூட்டையைக் கட்டிக்கொண்டு முன்னால் சாய்ந்து உட்கார்ந்தால் கொஞ்சம் தணியும். அப்படியே உட்கார்ந்தபடி கண்ணயர்வார். முதுகைக் கீழே வைத்துப் படுத்து மாதக்கணக்காயிற்று.

காரைக்காலில் பார்த்த டாக்டர், இது வெறும் காமாலை இல்லை, உடனே புதுச்சேரிக்குக் கொண்டுபோங்கள் என்றார். மச்சாண்டார் கேட்டுவிட்டு, "பத்தியம் சரியா இருந்தா தானா இறங்கும்" என்று மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு வயலுக்குப் போய்விட்டார். பெண்கள் இரண்டையும் ஓர்ப்படியிடம் விட்டுவிட்டு, நானே இவரை அழைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். அதற்கு முன் நான் தனியாகக் காரைக்கால் கடைத்தெருவுக்கு மேல் போனதில்லை.

புதுச்சேரியில் வயிற்றைத் திறந்து பார்த்தார்கள். கணையம் என்று ஓர் உறுப்பு இருப்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். இரைப்பைக்குப் பின்னால் முதுகை ஒட்டினாற்போல் இருக்குமாம். அதில் புற்றுக்கட்டி. பெரிய ரத்தக்குழாயைப் பிடித்துக்கொண்டிருந்ததால் எடுக்க முடியவில்லை. பித்தம் இறங்குவதற்கு மட்டும் வேறு வழி வைத்துத் தைத்து மூடிவிட்டார்கள். மஞ்சள் இறங்கியது. வலி இறங்கவில்லை.

தையல் ஆறியதும் ஒரு பெண் டாக்டர் எங்களைக் கூப்பிட்டார். சின்ன வயது. என்னை உட்காரச் சொன்னார். நான் நின்றுகொண்டே கேட்டேன். லைட் வைப்பது, ஊசி மருந்து ஏற்றுவது என்று இரண்டு வைத்தியம் இருக்கிறது, இந்தக் கட்டிக்கு இரண்டையும் சேர்த்துக் கொடுத்துப் பார்க்கிறோம், ஒன்றை மட்டும் கொடுப்பதைவிட அது மேல் என்று தெரிகிறது என்றார். ரேடியேஷன், கீமோ என்று இப்போது எல்லோரும் சொல்கிறார்கள். லைட் வைப்பதை அன்றைக்கு எங்கள் பக்கத்தில் கரண்டு வைக்கிறது என்பார்கள்.

"குணமாயிடுமாங்க?" என்று இவர் கேட்டார்.

"பொய் சொல்ல மாட்டேங்க. குணமாகும்னு சொல்ல முடியாது. வலி குறையும், நாள் கூடும். நீட்டி நிமிர்ந்து படுக்கலாம்."

"படுக்கலாமா?"

"படுக்கலாம்."

"அது போதுங்க" என்றார் இவர். "ஆனா ரெண்டையும் எதுக்கு ஒண்ணா வைக்கிறீங்க?"

"மருந்து கட்டிய இளக்கி வைக்கும். அந்த நேரத்துல லைட் பட்டா கட்டி தாங்காது."

"ஊறப்போட்டு உழுவுற மாதிரி. காஞ்ச மண்ணுல கலப்பை ஏறுமா?" என்று இவர் என்னைப் பார்த்துச் சொன்னார். டாக்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அப்படியே வச்சுக்குங்க. முதல்ல ரெண்டு வாரம் லைட். ஆரம்பத்துல சில நாள் ஊசியும் கூட. அப்புறம் ரெண்டு வாரம் வீட்டுல ஓய்வு. திரும்பி வந்து மறுபடி அதே மாதிரி ஒரு தடவை. ஒரே மூச்சுல குடுத்தா உடம்பு தாங்காது."

"காய்ச்சலும் பாய்ச்சலுமா. புரியுதுங்க" என்றார் இவர். வயலுக்குத் தண்ணீர் கட்டுவதும் இடையில் காயவிடுவதும்தான் அது. எனக்கும் உடனே புரிந்தது. ஆஸ்பத்திரியில் எங்களுக்குப் புரிந்த முதல் விஷயம் அதுதான்.

கூட வந்த ஆண்பிள்ளை யார் என்று கேட்டார்கள். யாரும் இல்லை என்றார் இவர். அவர் கையெழுத்துக்குக் கீழே என்னைப் போடச் சொன்னார்கள். போட்டேன். அது பின்னால் எனக்கு எவ்வளவு பெரிய குற்றமாகும் என்று அப்போது தெரியாது.

லைட் வைக்கிற மெஷின் இருந்த அறைக்குக் கனமான கதவு. இவரை மட்டும் உள்ளே படுக்கவைத்து எல்லோரும் வெளியே வந்துவிடுவார்கள். மெஷின்காரர் முதல் நாளே இவர் வயிற்றில் ஊதா மையால் கோடு போட்டார். நெடுக்கில், குறுக்கில், பக்கவாட்டில்.

"நம்ம வயலுக்குக்கூட சர்வேயர் இவ்ளோ கோடு போட்டது இல்ல" என்றார் இவர்.

மெஷின்காரர் சிரிக்கவில்லை. "இது அழியக் கூடாது ஐயா. நாங்க பாத்துப் பாத்துப் போட்டது. அந்த எடத்துத் தோலு வெந்த தோலு மாதிரி ஆயிடும். சோப்பு, எண்ணெய், சீயக்காய் எதுவும் படக் கூடாது. ஊசி போட்டதுல ரத்தம் வேற பலவீனமா இருக்கும். ஆறு, குளம் பக்கமே போவக் கூடாது."

என்னைப் பார்த்து இன்னொரு முறை சொன்னார். நான் தலையாட்டினேன்.

சட்டை உரசிக் கோடு அழியக் கூடாதே என்று என்னுடைய மெல்லிய வாயில் துணிப் புடவை ஒன்றைக் கிழித்து, கையூசியாலேயே தொளதொளவென்று ஒரு சட்டை தைத்தேன். சிவப்புப் பூப்போட்ட புடவை. வார்டில் இருந்தவர்கள் எல்லாம் பார்த்தார்கள்.

"என்னடி, எனக்கு வளைகாப்பா?" என்று கேட்டார். கேட்டாலும் தினமும் அதைத்தான் போட்டுக்கொண்டார்.

ஊசி ஏற்றிய நாட்களில் வாந்தி. வாயெல்லாம் புண். கஞ்சித் தண்ணியில் மோரை ஊற்றிக் கரண்டி கரண்டியாகக் கொடுப்பேன். "கட்டிக்கு வைக்கிறாங்களா, எனக்கு வைக்கிறாங்களா?" என்பார். முதல் பாதி முடிந்ததும், ஓய்வுக்கு வீட்டுக்குப் போய்வரச் சொன்னார்கள். ஆடி மாதம். வயலில் குறுவை பச்சை கட்டி நின்றது.

வீட்டுக்கு வந்து சில நாள் கழித்து ஒரு மத்தியானம். நான் கொல்லையில் துணி உலர்த்திவிட்டு உள்ளே வந்தேன். நெல் மூட்டை தனியாக இருந்தது. பக்கத்தில் கயிற்றுக் கட்டிலில் இவர் மல்லாக்கப் படுத்திருந்தார். கால் இரண்டையும் நீட்டி, ஒரு கையைத் தலைக்கு வைத்து. கிட்டே போய் மூக்கில் கை வைத்துப் பார்த்தேன்.

"உசுரோடதான் இருக்கேன். கொஞ்சம் சத்தம் போடாம போ. ஓட்டை எண்ணிக்கிட்டு இருக்கேன்" என்றார்.

கூரை ஓட்டைத்தான் சொன்னார். எத்தனை மாதமாயிற்று அவர் கூரையைப் பார்த்து. நான் கொல்லைக்குத் திரும்பிப் போய் உலர்த்திய துணியையே மறுபடி உதறி உதறிப் போட்டேன். இன்னும் பாதி பாக்கி இருக்கிறது. அதையும் வைத்துவிட்டால் இப்படியே படுத்திருப்பார் என்று நினைத்தேன். அவர் சாகவே கூடாது என்றெல்லாம் நான் கேட்கவில்லை. டாக்டர் பொய் சொல்லவில்லை, நானும் பொய்யாக எதையும் கேட்கவில்லை. நீட்டிப் படுக்கட்டும் என்றுதான் கேட்டேன்.

அன்றைக்குச் சாயங்காலம் மச்சாண்டார் வேலிச் சந்து வழியாக வந்தார். நான் உள்ளே கதவுக்குப் பின்னால் நின்றேன். ஓர்ப்படி என் பக்கத்தில்.

"என்னடா, அனுப்பிட்டானுவளா?"

"அனுப்பலண்ணே. எடையில ஓய்வு. திரும்பப் போவணும்."

"ஓய்வாம்ல. வைத்தியம் பண்ணுறவன் பாதியில எதுக்குடா வீட்டுக்கு அனுப்புறான்? கைய விரிச்சுட்டான்னு அர்த்தம். நம்மூர்ல எத்தினி பேர அனுப்பிப் பாத்துருக்கேன்."

"இல்லண்ணே, காய்ச்சலும் பாய்ச்சலுமா வைக்கிறாங்க..."

"அடப் போடா. வயலும் வயிறும் ஒண்ணா?" அப்புறம் அவர் மனசில் இருந்ததைச் சொன்னார். "அண்ணன்காரன் கல்லு மாதிரி உக்காந்துருக்குறப்ப பொம்பள போயி கையெழுத்துப் போட்டாளாம். கடைத்தெருவுல கேக்குறானுவ, ஏம்ப்பா நீ ஊர்ல இல்லியான்னு. உனக்கு ஏழரை நடக்குதுடா. வர்ற சனிக்கிழமை திருநள்ளாத்துக் கொளத்துல எண்ணெய் வச்சு முழுக்கிட்டு வந்துடுவோம். நான் இருக்கேன்ல."

ஓர்ப்படியிடம் சொன்னேன். மச்சாண்டார் காதில் விழுகிற மாதிரிதான் சொன்னேன்.

"அக்கா, எண்ணெய் படவே கூடாதுன்னு சொல்லியிருக்காங்கன்னு சொல்லுங்க. கோடு அழியக் கூடாதாம். தோலு வெந்துருக்கு. கொளத்துத் தண்ணி ஆவாது. தலையில ரெண்டு சொட்டு வச்சுட்டு வீட்டுலயே சாமி கும்புடச் சொல்லுங்க. நான் சனிக்கிழமைதோறும் எள்ளு தீபம் போட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்."

ஓர்ப்படி ஒரு வார்த்தை விடாமல் திருப்பிச் சொன்னார். மச்சாண்டார் சுவரைப் பார்த்துச் சிரித்தார்.

"எமன் என்ன சர்வேயரா, கோடு பாத்து வாறதுக்கு?"

இதை ஏன் இவ்வளவு விவரமாக எழுதுகிறேன் என்றால், அவர் தெரியாமல் செய்தார் என்று பிற்பாடு ஊரில் பேசினார்கள். தெரியாமல் செய்தவராக இருந்தால் மன்னித்திருப்பேன். கேட்டுவிட்டுச் செய்தார்.

அந்தச் சனிக்கிழமை, வாய்ப்புண்ணுக்கு மருந்து வாங்க நான் காரைக்காலுக்குப் போயிருந்தேன். நான் பஸ் ஏறுவதற்குக் காத்திருந்த மாதிரி வாடகைக் கார் வந்திருக்கிறது. திரும்பி வந்தபோது இவர் வாசலில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். தலை பளபளவென்று இருந்தது. புது வேட்டி, புதுச் சட்டை. மிளகும் சீரகமும் போட்டுக் காய்ச்சிய நல்லெண்ணெய் வாடை தெருவிலேயே அடித்தது. குளத்தில் முழுகியவர்கள் உடுத்தியிருந்த துணியை அங்கேயே விட்டுவிட்டு வருவது வழக்கம். நான் தைத்த பூப்போட்ட சட்டை குளத்தோடு போயிற்று.

சட்டையைத் தூக்கிப் பார்த்தேன். ஒரு கோடு இல்லை. சீயக்காய் போட்டு அழுத்தித் தேய்த்திருந்த இடம் செக்கச்செவேலென்று கன்றியிருந்தது. ஓரத்தில் தோல் உரிந்து நீர் கசிந்தது.

"வயித்துல வேணாம்னேன்" என்றார் இவர். "கொஞ்சம்தானடான்னு அவரே தேய்ச்சுவுட்டாரு. அண்ணனாச்சே, கைய எப்படித் தட்டிவிடுறது?"

மீந்த எண்ணெயை ஒரு பித்தளைச் செம்பில் ஊற்றி மூடி போட்டு ஓர்ப்படி கொண்டுவந்து வைத்தார். "அடுத்த சனிக்கிழமைக்கும் ஆவும்னு குடுக்கச் சொன்னாங்க" என்றார், என் முகத்தைப் பார்க்காமல். செம்பை வாங்கி அலமாரியின் மேல்தட்டில் வைத்தேன்.

ஒன்று சொல்லிவிடுகிறேன். எனக்குச் சனீஸ்வரன் மேல் ஒரு வருத்தமும் கிடையாது. இன்றைக்கும் கும்பிடுகிறேன். எண்ணெய் கேட்டது சாமி இல்லை. தம்பி வயிற்றில் யார் கையெழுத்து இருக்க வேண்டும் என்று காட்ட ஆசைப்பட்டவர் மச்சாண்டார்தான்.

இரண்டே நாளில் காய்ச்சல் வந்தது. உடம்பு உதறியது. மறுபடி பஸ். பூவத்தைத் தாண்டினால் எங்கள் காரைக்கால் எல்லை முடிந்து தமிழ்நாடு வந்துவிடும். அங்கே சாராய பாட்டில் கடத்துகிறார்களா என்று பஸ்ஸில் ஏறி பையைச் சோதிப்பார்கள். இவர் வயிற்றை அணைத்துக்கொண்டு குனிந்து உட்கார்ந்திருந்ததைப் போலீஸ்காரர் பார்த்துவிட்டு, "உள்ள என்னய்யா வச்சுருக்க, எடு" என்றார். இவர் நிதானமாகச் சட்டையைத் தூக்கிக் காட்டினார். போலீஸ்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "போ, போ, வண்டிய எடு" என்று கத்திவிட்டு இறங்கினார். ஊர் பேர் தெரியாத அந்த ஆளுக்கே பார்க்கச் சகிக்கவில்லை, தன் கையால் தேய்த்த மச்சாண்டார் முகத்தைக்கூடத் திருப்பிக்கொள்ளவில்லை.

பெண் டாக்டர் பார்த்தவுடன் கேட்டார்: "யார் இதைப் பண்ணது?"

நான் வாய் திறப்பதற்குள் இவர் சொன்னார்: "நான்தாங்க. கசகசன்னு இருந்துச்சு, குளிச்சுட்டேன்."

அண்ணனைக் காட்டிக்கொடுக்கவில்லை. டாக்டர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். ரத்தத்தில் வெள்ளை அணு இறங்கிப்போயிருக்கிறது, இந்த நிலைமையில் ஊசி போட முடியாது, இந்தத் தோலின் மேல் லைட்டும் வைக்க முடியாது என்றார். காய்ச்சல் அடங்க நாளாயிற்று. புண் ஆற அதைவிட நாளாயிற்று. எல்லாம் ஆறி, மறுபடி கோடு போடலாம் என்று பார்க்கும்போது கட்டி ஈரலுக்குப் போயிருந்தது. வயிற்றில் நீர் கோத்துக்கொண்டது. இனி வைத்துப் பயனில்லை என்று அனுப்பினார்கள். இந்தத் தடவை அனுப்பியது ஓய்வுக்கு இல்லை.

வலி பழையபடி வந்தது. நெல் மூட்டையும் பழைய இடத்துக்கு வந்தது. கட்டில் சும்மா கிடந்தது. அதற்குப் பிறகு ஒரு நாளும் அவர் முதுகைக் கீழே வைக்கவில்லை. கார்த்திகை மாதத்தில், மூட்டையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தபடியே போய்விட்டார். முதுகு வளைந்தபடி இருந்தது. நிமிர்த்திப் படுக்கவைக்க வேண்டும் என்று ஆண்கள் வந்தார்கள். தோளைப் பிடித்து நிமிர்த்தியது மச்சாண்டார். செத்த பிறகு படுக்கவைத்தார்.

கொள்ளி வைத்தது மச்சாண்டாரின் மகன். எங்களுக்கு ஆண் வாரிசு இல்லை. அந்தப் பையன் அப்போது காரைக்காலில் காலேஜ் படித்துக்கொண்டிருந்தான். அவனைக் குறை சொல்ல மாட்டேன்.

பதினாறாம் நாள் கருமாதி. ஆற்றங்கரைக் காரியம் முடிந்து பங்காளிகள் எல்லோரும் எங்கள் வாசலுக்கு வந்தார்கள். செத்த வீட்டு எண்ணெயையும் சீயக்காயையும் தலையில் வைத்து முழுகினால்தான் பங்காளிகளுக்குத் தீட்டுக் கழியும். மூத்தவர் முதலில் வைத்துக்கொள்ள வேண்டும். மச்சாண்டார் பலகையில் உட்கார்ந்திருந்தார். ஓர்ப்படி தட்டில் எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு கூடத்தைத் தாண்டினார். புருஷனைப் பறிகொடுத்தவள் மூலையில்தான் இருக்க வேண்டும். நான் எழுந்து போய் அவர் கையிலிருந்த தட்டை வாங்கிக் கீழே வைத்தேன். அலமாரியின் மேல்தட்டிலிருந்து பித்தளைச் செம்பை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தேன்.

தலையில் முக்காடு இல்லை. மச்சாண்டாருக்கு நேர் எதிரில் நின்றேன்.

"மாமா" என்றேன். அத்தனை வருஷத்தில் நான் அவரைக் கூப்பிட்டது அதுதான் முதல். "இது உங்க தம்பிக்கு நீங்க காய்ச்சுன எண்ணெய். அவருக்கு முழுசா வச்சுக்கக் குடுத்துவைக்கல, மிஞ்சிப்போச்சு. நீங்க வச்சுக்குங்க."

செம்பை அவர் காலடியில் வைத்தேன். மூடியைத் திறந்ததும் காறல் வாடை குப்பென்று அடித்தது.

வயசான பங்காளி ஒருவர் மூக்கைப் பிடித்துக்கொண்டார். "என்னம்மா இது, இப்படி நாறுது?"

"நாறுங்க. ஆடி மாசத்து எண்ணெய்."

மச்சாண்டார் சுவரைப் பார்த்தார். "இவள உள்ளாற போவச் சொல்லு" என்றார்.

"செவுத்துக்கிட்ட சொல்லாதீங்க. நான்தான் இங்க நிக்கிறேன்."

பின்வரிசையில் எப்போதும் குசும்பு பேசுகிற ஒரு பங்காளி, "ஏம்ப்பா, தம்பி வயித்துக்கு ஆனது அண்ணன் தலைக்கு ஆவாதா?" என்றார். யாரோ இருமுகிற மாதிரி சிரித்தார்கள்.

மச்சாண்டாரின் கை செம்பு வரைக்கும் வந்தது. அதைத் தொடாமல் எழுந்து வேலிச் சந்து வழியாகப் போய்விட்டார். மற்ற பங்காளிகள் ஓர்ப்படி கொண்டுவந்த நல்ல எண்ணெயை வைத்துக்கொண்டு முழுகினார்கள். அவர் தன் வீட்டுக் கிணற்றடியில் தன் வீட்டு எண்ணெயை வைத்துத் தானே தண்ணீரை ஊற்றிக்கொண்டாராம். அது தீட்டுக் கழித்ததாகுமா?

ஆகாது என்றுதான் ஊர் சொன்னது. நான் ஒன்றும் சொல்லவில்லை, எனக்குத்தான் பேச வராதே. பொங்கலுக்குப் பிள்ளையார் கோயிலில் எப்போதும் அவருக்குக் கொடுக்கிற முதல் விபூதியை இன்னொருவருக்குக் கொடுத்தார்கள். மச்சாண்டார் மகளுக்குத் தை மாதம் கலியாணம் பேசியிருந்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் தீட்டு விஷயத்தைக் காதில் வாங்கிவிட்டு, முறையாகக் கழித்துவிட்டு நாள் பாருங்கள் என்றார்கள். ஓர்ப்படி வேலிச் சந்தில் வந்து நின்றார்.

"ஒரு சொட்டு நல்ல எண்ணெய் குடுடி. உன் கையால குடுத்தேன்னு ஒரு வார்த்தை சொல்லு, போதும்."

"இருக்கு அக்கா" என்று உள்ளே போய்ச் செம்பை எடுத்துவந்தேன். அவர் அதைப் பார்த்துவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பிப் போனார். அவர் நல்லவர். அந்தக் கலியாணம் வைகாசிக்குத் தள்ளிப்போயிற்று. இன்றைக்கு வந்து கேட்டாலும் அந்தச் செம்பைத்தான் எடுத்துத் தருவேன்.

அதோடு விடவில்லை. சனிக்கிழமை ஆனால் செம்பைப் புளி போட்டு வெளிப்புறத்தை மட்டும் பளபளவென்று துலக்கி, வேலிச் சந்து ஓரத்துக் கல்லின் மேல் வைத்துவிடுவேன். உள்ளே இருக்கிற எண்ணெய் அப்படியே கெட்டியாகிப் பிசின் மாதிரி ஆகிவிட்டது. மச்சாண்டார் வயலுக்குப் போக அந்த வழிதான் கிட்ட. முதலில் தலையைத் திருப்பிக்கொண்டு போனார். அப்புறம் வாய்க்காலைச் சுற்றிக்கொண்டு போக ஆரம்பித்தார். மழைக் காலத்தில் வாய்க்கால் வரப்பு வழுக்கும். வழுக்கட்டும் என்று ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருப்பேன். ஒரு தடவை வழுக்கி உட்கார்ந்தார். சேற்றோடு எழுந்து என் வீட்டுப் பக்கம் பார்த்தார். நான் ஜன்னலை மூடவில்லை.

எண்பதுகள் முடிகிற சமயத்தில் அவரும் போனார். மாரடைப்பு. கருமாதி அன்றைக்கு எண்ணெய் வைத்துக்கொள்ள என்னையும் கூப்பிட்டார்கள். போனேன். புது நல்லெண்ணெய், நல்ல மணம். உள்ளங்கை நிறைய வாங்கித் தலை நிறைய வைத்து அரக்கித் தேய்த்து முழுகினேன். வீட்டுக்கு வந்து, இவர் ஓட்டை எண்ணிக்கொண்டு கிடந்த அதே கயிற்றுக் கட்டிலில் காலை நீட்டி மல்லாக்கப் படுத்தேன். நன்றாகத் தூக்கம் வந்தது.

இத்தோடு முடிந்திருக்க வேண்டும். ஓர்ப்படியின் மகன் இப்போது மருந்துக்கடை வைத்திருக்கிறான். போன வருஷம் வந்தவன், "சித்தி, அந்த வியாதிக்கு ரெண்டாவது பாதியும் வச்சுருந்தாலும் சித்தப்பா ரொம்ப நாள் இருந்துருக்க மாட்டாங்க. இன்னைக்கே அது கஷ்டம். அப்பாவ இன்னும் எதுக்குக் கரிச்சுக் கொட்டுறீங்க?" என்று கேட்டான். பெற்றவனுக்கு வக்காலத்து வாங்குகிறான். நான் எத்தனை நாள் இருந்திருப்பார் என்று கேட்கவில்லையே. எப்படி இருந்திருப்பார் என்றுதான் கேட்கிறேன்.

அதனால் இதைப் படிக்கிறவர்களில் வைத்தியம் தெரிந்தவர்கள் இருந்தால், நான் எழுதியிருப்பதைச் சரிபார்க்க வேண்டும். ஊசி ஆரம்பத்தில் சில நாள் மட்டும்தானா, தினமுமா என்பதில் எனக்குக் குழப்பம். நடுவில் விட்ட இடைவெளி இரண்டு வாரம் என்றுதான் ஞாபகம். அந்தக் காலத்தில் அப்படித்தான் வைத்தார்களா? முக்கியமாக ஒன்று: மறுபாதியையும் வைத்திருந்தால், அவர் கடைசி வரைக்கும் மல்லாக்கப் படுத்திருந்திருப்பாரா? ஆமாம் என்றாலும் சரி, இல்லை என்றாலும் சரி, யாராவது நன்றாக விசாரித்துச் சொல்லுங்கள். ஓர்ப்படி மகனிடம் மட்டும் கேட்க வேண்டாம்.